டீச்சரைக் கேளுங்கள்: பிள்ளைகளும் விளையாட்டு அகாடமிகளும்

கோடை விடுமுறை நெருங்குவதால் இந்த மாதக் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன. பிள்ளையை ஏதாவது ஒரு விளையாட்டில் சேர்க்க வேண்டும், எங்கே சேர்ப்பது, நம்பி விடலாமா? நான் கோவில்பட்டியில் ஹாக்கி மட்டையோடு வளர்ந்தவள். 33 வருடம் அரசுப் பெண்கள் பள்ளிகளில் பி.டி. டீச்சராக இருந்தேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. கால்பந்து கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறான். வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு அகாடமிகள் இருக்கின்றன. ஒன்றில் சுவர் முழுக்கக் கோப்பைகள். ஆனால் பெற்றோர் உள்ளே வரக் கூடாதாம், கேட்டிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டுமாம். இன்னொன்று சின்ன இடம், கோப்பை எதுவும் இல்லை. எதில் சேர்க்கலாம்?
— ஒரு தாய், ஈரோடு

பதில்: பணம் கட்டுவதற்கு முன்னால் இரண்டு இடத்துக்கும் சொல்லாமல் கொள்ளாமல் போய் ஒரு மணி நேரம் நில்லுங்கள். நன்றாக ஆடுகிற பையனைப் பார்க்காதீர்கள். இருப்பதிலேயே மெதுவாக ஓடுகிற பையனைப் பாருங்கள். அவனை அந்த கோச் எப்படிக் கூப்பிடுகிறார்? பெயர் சொல்லியா, உடம்பைச் சொல்லியா? அவன் காலில் பந்து எத்தனை முறை படுகிறது, எவ்வளவு நேரம் வரிசையில் சும்மா நிற்கிறான் என்று பாருங்கள். ஒரு பிள்ளை விழுந்தால் யார் போய்க் குனிந்து பார்க்கிறார்கள்? தண்ணீர் குடிக்க விடுகிறார்களா, இல்லை ‘முடிச்சுட்டுக் குடி’ என்கிறார்களா? அப்புறம் பயிற்சி முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் இருங்கள். அப்பா வரத் தாமதமான கடைசிப் பிள்ளை யாரோடு நிற்கிறான் என்பது எனக்கு மிக முக்கியம். கழிப்பறைக்குக் கதவும் தாழ்ப்பாளும் இருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள். பல இடங்களில் பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்குக் காரணமே இதுதான், பெண் பிள்ளைகள் என்றால் கேட்கவே வேண்டாம்.

கேட்டிலேயே விட்டுவிட்டுப் போகச் சொல்கிற இடத்தில் 9 வயதுப் பிள்ளையை நான் சேர்க்க மாட்டேன். கோச்சுகளின் கஷ்டமும் எனக்குத் தெரியும். கோட்டுக்கு வெளியே நின்று, ‘பாஸ் பண்ணுடா, ஷூட் பண்ணுடா’ என்று அப்பாக்கள் கத்தினால் எந்தப் பிள்ளையும் விளையாட்டைக் கற்க முடியாது. அதற்கு வழி, தள்ளி ஒரு பெஞ்சைப் போட்டு, ‘இங்கே உட்கார்ந்து பாருங்கள், பேசாதீர்கள்’ என்று சொல்வது. ஒரு பெஞ்சு போட முடியாத அகாடமியா அத்தனை கோப்பைகளை வாங்கியது?

உள்ளே போய்க் கேட்க வேண்டியதும் உண்டு. கோச் எங்கே படித்தார் என்று கேளுங்கள். பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமோ, அங்கேயே நடக்கும் 6 வாரச் சான்றிதழ்ப் படிப்பு, கால்பந்துக்கென்று அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் டி லைசென்ஸ், இப்படிப் பல நிலைகள் இருக்கின்றன. சான்றிதழ் இருந்தால் மட்டும் ஒருவர் நல்ல கோச் ஆகிவிடுவதில்லை. ஆனால் கேட்ட மாத்திரத்தில் முகம் சுளிப்பவரிடம் வேறு எதைக் கேட்க முடியும்? அடுத்து, அங்கே வேலை செய்பவர்களுக்குப் போலீஸ் சரிபார்ப்பு நடந்திருக்கிறதா என்று கேளுங்கள். இது உங்கள் சந்தேக புத்தி ஆகாது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க வந்த போக்சோ சட்டத்தின் 2020 விதிகளில், குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் நிறுவனங்கள் தங்கள் ஊழியர்கள் எல்லோரையும் அவ்வப்போது போலீஸ் மூலம் சரிபார்க்க வேண்டும் என்று இருக்கிறது. பள்ளி, காப்பகம் என்று சொல்லி வரும்போது விளையாட்டு அகாடமி என்றும் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். தினக்கூலிக்கு வருகிறவரும் அதில் அடக்கம். நான் விசாரித்த வரை, பாதி அகாடமிக்காரர்களுக்கு இப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. நீங்கள் கேட்டால்தான் தெரிந்துகொள்வார்கள்.

தலையால் பந்தை முட்டச் சொல்லிப் பயிற்சி கொடுக்கிறார்களா என்றும் கவனியுங்கள். அமெரிக்கக் கால்பந்து அமைப்பு 10 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அதை அறவே நிறுத்திவிட்டது. இங்கிலாந்தில் 2020 முதல் தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் ஹெட்டிங் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். 9 வயதில் உங்கள் மகனுக்கு வேண்டியது காலில் பந்து ஒட்டுவது மட்டும்தான்.

கேள்வி: மகனுக்கு 13 வயது, வேகப்பந்து வீசுகிறான். காலையில் அகாடமி, மாலையில் பள்ளி அணி, ஞாயிறு மேட்ச். ஒரு மாதமாக இடுப்புக்கு மேலே முதுகு வலிக்கிறது என்கிறான். கோச்சிடம் சொன்னால், ‘வலியைப் பார்த்தா ஃபாஸ்ட் பவுலர் ஆக முடியாது சார்’ என்கிறார். என்ன செய்வது?
— ஒரு தகப்பனார், மதுரை

பதில்: இன்றிலிருந்து பந்து வீசுவதை நிறுத்துங்கள். முதலில் அது, மற்றதெல்லாம் பிறகு.

வளர்கிற வயதில் வேகப்பந்து வீசும் பிள்ளைகளுக்குக் கீழ் முதுகெலும்பில் நூல் போல விரிசல் விழுவது நன்றாகத் தெரிந்த விஷயம். பெரும்பாலும் வீசும் கைக்கு எதிர்ப்பக்கம் வலிக்கும். பின்னால் வளைந்தால் கூடும். உங்கள் மகனை ஒற்றைக் காலில் நின்று மெல்லப் பின்னால் சாயச் சொல்லுங்கள். சுருக்கென்று வலித்தால் தாமதிக்காமல் எலும்பு மருத்துவரிடம், முடிந்தால் விளையாட்டு மருத்துவம் படித்தவரிடம் கூட்டிப் போங்கள். வலிக்காவிட்டாலும் காட்டத்தான் வேண்டும், ஒரு மாத வலி சின்ன விஷயம் இல்லை. ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். அதை வைத்து ‘ஒன்றுமில்லை’ என்று திரும்பி வந்துவிடாதீர்கள், எம்.ஆர்.ஐ. வேண்டுமா என்று கேளுங்கள். விரிசல் என்றால் சில மாதம் ஓய்வுதான் மருந்து. சீக்கிரம் கண்டுபிடித்தால் முழுக்க ஆறிவிடுகிற வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது.

உங்கள் கோச்சிடம் ஆஸ்திரேலியாவின் பெரிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லியைப் பற்றிப் பேசிப் பாருங்கள். 1973-இல் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனபோது அவருடைய முதுகெலும்பில் இதே விரிசல்தான் விழுந்தது. உடம்பில் மாவுக்கட்டுப் போட்டு வாரக்கணக்கில் கிடந்தார். மெல்ல உடம்பைத் தேற்றிக்கொண்டு, வீசும் முறையையும் மாற்றித்தான் திரும்பி வந்தார். அதே லில்லிதான் 1987-இல் சென்னையில் தொடங்கிய எம்.ஆர்.எஃப். பயிற்சி மையத்துக்கு வந்து நம் பையன்களுக்கு வேகப்பந்து சொல்லிக்கொடுத்தார். வலியைப் பார்த்து நிறுத்தியவர்தான் பெரிய பவுலராக மிஞ்சினார்.

எவ்வளவு வீசலாம் என்பதற்கு இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் வயதுவாரியாகக் கணக்கு வைத்திருக்கிறது. 13 வயது வரை ஒரு ஸ்பெல்லுக்கு, அதாவது ஒரே மூச்சில் தொடர்ந்து வீசும் ஒரு தவணைக்கு, 5 ஓவர், ஒரு நாளைக்கு 10 ஓவர். 14, 15 வயதில் 6 ஓவர், நாளைக்கு 12. அதற்கு மேல் போகக் கூடாது. உங்கள் மகன் மூன்று இடத்தில் வீசுகிறான், மூன்று கோச்சுக்கும் மற்ற இரண்டு இடத்துக் கணக்கு தெரியாது. ஆகவே கணக்கு உங்கள் கையில் இருக்கட்டும். ஒரு சின்ன நோட்டு வாங்கி, நெட்ஸில் வீசுவதையும் சேர்த்து நாளுக்கு எத்தனை பந்து என்று எழுதுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது மட்டையும் பந்தும் தொடாத நாள் வேண்டும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னிடம் 14 வயதுப் பிள்ளை ஒருத்தி 800 மீட்டர் ஓடினாள். நல்ல காற்று மாதிரி ஓடுவாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு வலிக்கிறது என்று இரண்டு வாரம் சொன்னாள். ஜோனல் மீட் பக்கத்தில் வந்துவிட்டது. ‘ஓட ஓடச் சரியாயிடும், ஐஸ் வை’ என்று சொன்னவள் நான்தான். மீட்டில் 500 மீட்டர் தாண்டியதும் உட்கார்ந்துவிட்டாள். காலெலும்பில் விரிசல். கட்டுப் போட்டுக்கொண்டு வந்து, ‘ஸாரி டீச்சர்’ என்று அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். இன்றைக்கும் என்னால் அதை மறக்க முடியவில்லை. அதற்குப் பிறகு ஒரு பிள்ளை வலி என்றால் நான் வாட்சைப் பார்த்ததில்லை, பிள்ளையைத்தான் பார்த்தேன்.

கேள்வி: மகள் 14 வயது, தடகளம். அவளுடைய கோச் திறமைசாலி, மாநில அளவில் பிள்ளைகளைக் கொண்டுபோனவர். சில வாரமாக இரவு 10 மணிக்கு மேல் அவளுக்கு வாட்ஸ்அப்பில் எழுதுகிறார். ‘நீ ஸ்பெஷல், மத்தவங்களுக்குச் சொல்லாதே’ என்று ஒரு செய்தி பார்த்தேன். தசைப்பிடிப்புக்கு மசாஜ் செய்துவிடுவதாகத் தனியே வரச் சொன்னாராம். செலக்‌ஷன் வருகிறது. கேட்டால் மகளின் எதிர்காலம் போய்விடும் என்று என் கணவர் பயப்படுகிறார்.
— பெயர் வேண்டாம்

பதில்: உங்கள் மனது சொல்வதுதான் சரி. மகளை அந்த கோச்சிடம் தனியே இனி ஒரு நிமிடம்கூட அனுப்பாதீர்கள்.

இன்று இரவே மகளோடு உட்காருங்கள். விசாரணை மாதிரி வேண்டாம். சமையலறையிலோ மொட்டைமாடியிலோ, அவளுக்குப் பழகிய இடத்தில். ‘நீ ஒரு தப்பும் பண்ணல, எது நடந்திருந்தாலும் அம்மா உன் பக்கம்’ என்பதை முதலில் சொல்லிவிட்டு, பிறகு காதை மட்டும் கொடுங்கள். அவள் சொல்லாவிட்டால் தோண்டாதீர்கள். நாளைக்கும் கேட்பேன் என்று மட்டும் சொல்லுங்கள். செய்திகளை அழிக்காமல் படம் எடுத்து வையுங்கள். கோச்சை நேரில் போய்ச் சண்டை பிடிக்க வேண்டாம், அவருக்கு எதையும் அழிக்க அவகாசம் கிடைத்துவிடும்.

சட்டம் உங்களுக்குத் துணையாக இருக்கிறது. 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லோருக்கும் 2012-இன் போக்சோ சட்டம் பொருந்தும். தொட்டால்தான் குற்றம் என்று நினைக்காதீர்கள். பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தையைப் போனிலோ வேறு வழியிலோ திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதும் அந்தச் சட்டத்தில் குற்றம். கோச் மாதிரி நம்பிக்கைக்கு உரிய பொறுப்பில் இருப்பவர் தவறாகத் தொட்டால் தண்டனை கூடும். குற்றம் நடந்தது தெரிந்தால் போலீசில் சொல்வது எல்லோருக்கும் கடமை. ஒரு நிறுவனத்தின் தலைவர் தெரிந்தும் மறைத்தால் அவருக்கே ஓராண்டு வரை சிறை. ஆகவே அகாடமித் தலைவரிடம் எழுத்தில் கொடுங்கள், தேதி போட்டு ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். அவர் சமரசம் பேசினால் நிற்காமல் மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லையா? 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது.

போலீஸ் என்றதும் உங்கள் கணவருக்கு வயிறு கலங்கும், எனக்குப் புரிகிறது. அவரிடம் இதைச் சொல்லுங்கள். மகளின் வாக்குமூலத்தை உங்கள் வீட்டிலேயோ அவள் விரும்பும் இடத்திலேயோதான் எடுக்க வேண்டும். கூடியவரை எஸ்.ஐ. நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, யூனிஃபார்ம் போடாமல் வர வேண்டும். இரவில் பிள்ளையை ஸ்டேஷனில் வைக்கக் கூடாது. பெயரையோ படத்தையோ பள்ளியையோ பத்திரிகையில் வெளியிடக் கூடாது.

அந்த ‘மசாஜ்’ என்ற சொல்தான் என்னை மிகவும் கலங்க வைக்கிறது. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் டாக்டராக இருந்த லாரி நாசர் செய்ததும் ‘சிகிச்சை’ என்ற பெயரில்தான். சில பிள்ளைகளின் அம்மாக்கள் அதே அறையில் இருக்கும்போதே நடந்தது. 1990களிலேயே சில பெண் பிள்ளைகள் பெரியவர்களிடம் சொன்னார்கள், பெரியவர்கள் டாக்டரைத்தான் நம்பினார்கள். 2016-இல் ஒரு பத்திரிகை எழுதிய பிறகுதான் கதவு திறந்தது. 2018 ஜனவரியில் நீதிமன்றத்தில் 150-க்கும் மேற்பட்ட பெண்கள் எழுந்து பேசினார்கள், 40 முதல் 175 ஆண்டு வரை சிறை என்று தீர்ப்பு வந்தது. வெகுதூரம் போக வேண்டாம், 2021-இல் சென்னையிலேயே ஒரு தடகளப் பயிற்சியாளர் வீராங்கனையின் புகாரில் கைதானார். முதல் புகார் வந்ததும் மற்றவர்களும் பேச முன்வந்தார்கள். உங்கள் மகளோடு ஓடும் மற்றப் பிள்ளைகளுக்கும் இதே மாதிரி இரவு நேரத்தில் செய்திகள் போகின்றனவா என்பது உங்களுக்குத் தெரியாது. அவர்கள் வீட்டில் இதைக் கண்ணால் பார்க்கிற அம்மா இல்லாமல்கூட இருக்கலாம்.

செலக்‌ஷன் அடுத்த வருடமும் வரும். ஊரில் வேறு கோச் இல்லையென்றால், புதிதாக ஒருவரைத் தேடுவதற்கு இந்தப் பத்திரிகை வழியாகவே எனக்கு எழுதுங்கள். என்னிடம் படித்தவர்கள் பல மாவட்டங்களில் இருக்கிறார்கள்.

கேள்வி: நான் பத்தாம் வகுப்பு, கபடி ஆடுகிறேன். வெயிட் குறைக்கணும்னு சாப்பாட்டைக் குறைத்துவிட்டு ஓட்டத்தைக் கூட்டினார்கள். நாலு மாதமாக பீரியட்ஸ் வரவில்லை. ‘நல்லதுதான், தொந்தரவில்லை’ என்று சீனியர் அக்கா சொல்கிறாள். உண்மையா டீச்சர்?
— ஒரு மாணவி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: உண்மை இல்லை கண்ணு. அம்மாவிடம் சொல்லி இந்த வாரமே டாக்டரைப் பார். செலவழிக்கிற அளவுக்கு உடம்புக்குச் சாப்பாடு கிடைக்காதபோது, உயிர்வாழ அவசரமில்லாத வேலைகளை அது ஒவ்வொன்றாக நிறுத்தும். மாதவிடாய் நிற்பது அதில் வெளியே தெரிகிற ஓர் அடையாளம். உள்ளே எலும்பு மெலிந்துகொண்டிருக்கும், அது உன் கண்ணுக்குத் தெரியாது. உன் வயதில்தான் எலும்பு கெட்டிப்படுகிறது, இப்போது விட்டால் பிறகு பிடிப்பது கஷ்டம். வேறு காரணமும் இருக்கலாம், அதையும் டாக்டர்தான் பார்க்க வேண்டும். முட்டை, சுண்டல், ஒரு பிடி நிலக்கடலை, வயிறு நிறையச் சோறு. வெயிட் கேட்டகிரி உனக்குப் பொருந்தவில்லையென்றால் மேல் கேட்டகிரியில் ஆடு. சீனியர் அக்காவுக்கும் இதைப் படிக்கக் கொடு, அவளுக்கும் வரவில்லையோ என்னவோ.

கேள்வி: அடித்து வளர்க்காமல் விளையாட்டு வருமா? எங்கள் காலத்தில் டிரில் மாஸ்டர் பிரம்பு இல்லாமல் மைதானத்துக்கு வந்ததே இல்லை. இப்போது பேரனின் கோச் ஒரு அறை விட்டதற்கு மருமகள் ஊரைக் கூட்டுகிறாள்.
— ஒரு தாத்தா, கரூர்

பதில்: ஐயா, உங்கள் மருமகள் செய்தது சரி. ‘அடியாத மாடு படியாது’ என்று கேட்டுத்தான் நானும் வளர்ந்தேன், அந்தப் பிரம்பை வாங்கியும் இருக்கிறேன். பிரம்புக்குப் பயந்து மைதானத்துப் பக்கமே வராமல் போன பிள்ளைகளை யாரும் கணக்கில் எழுதவில்லை. பொறுப்பில் இருப்பவர் குழந்தையைத் தாக்கித் துன்புறுத்தினால் 2015-இன் இளைஞர் நீதிச் சட்டத்தில் 3 ஆண்டு வரை சிறைக்கு இடமிருக்கிறது. பேரனை ஒருநாள் நீங்களே கிரவுண்டுக்குக் கூட்டிப் போங்கள். தாத்தா உட்கார்ந்திருக்கும் இடத்தில் அந்தக் கை மேலே எழாது.

கேள்வி: எங்கள் ஊரில் நண்பர்கள் சேர்ந்து சாயங்காலம் 35 பிள்ளைகளுக்கு இலவசமாகக் கால்பந்தும் தடகளமும் சொல்லிக்கொடுக்கிறோம். கையில் பணம் இல்லை. ஒரு நல்ல கிளப் மாதிரி நடத்த ஆசை. எங்கிருந்து தொடங்க?
— ஓர் இளைஞர், தேனி மாவட்டம்

பதில்: தம்பி, இந்தக் கடிதத்தைப் படித்த அன்று எனக்கு ராத்திரி நல்ல தூக்கம். இங்கிலாந்தில் 2002-இல் கிளப்மார்க் என்று ஒரு முறை கொண்டுவந்தார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் உள்ளூர்க் கிளப்புகள் சில விஷயங்களைச் செய்து காட்டினால் ஒரு முத்திரை கொடுத்தார்கள். பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஆள் யார், கோச்சுக்குப் பயிற்சி உண்டா, முதலுதவி உண்டா, எல்லோரையும் சேர்த்துக்கொள்கிறீர்களா என்பதுதான் கேள்விகள். கோப்பையைக் கேட்கவில்லை. நமக்கு முத்திரை கொடுக்க ஆள் இல்லாவிட்டால் என்ன, அதே கேள்விகளை நீங்களே கேட்டுக்கொள்ளலாம்.

முதலில் ஒரு 40 பக்க நோட்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். பெயர், வயது, வீட்டில் இரண்டு பேருடைய போன் நம்பர், ஆஸ்துமா, வலிப்பு, நெஞ்சு நோய், ஒவ்வாமை ஏதாவது உண்டா. தினமும் வந்தவர்களை எழுதுங்கள், போகும்போது யாரோடு போனார்கள் என்றும் எழுதுங்கள். பிள்ளைகளோடு எப்போதும் இரண்டு பெரியவர்கள். ஒருவர் விடுப்பு என்றால் அன்றைக்குப் பயிற்சி கிடையாது. ஊர் அம்மாக்களில் ஒருவரைப் பொறுப்பாக வையுங்கள், கோச்சிடம் சொல்ல முடியாததைப் பிள்ளைகள் அவரிடம் சொல்லலாம் என்று எல்லோர் முன்னாலும் அறிவியுங்கள். அவருக்குக் கால்பந்து தெரிய வேண்டியதில்லை.

தடகளமும் கால்பந்தும் ஒரே மைதானத்தில் என்கிறீர்கள், அங்கேதான் எனக்குப் பயம். 2019 அக்டோபரில் கேரளாவில் பாலாவில் நடந்த ஜூனியர் தடகளப் போட்டியில், ஈட்டி எறிதலும் சம்மட்டி எறிதலும் ஒரே நேரத்தில் பக்கத்துப் பக்கத்தில் நடந்தன. ஈட்டியை எடுத்து வரப் போன ஒரு மாணவத் தொண்டரின் தலையில் சம்மட்டி விழுந்தது. சில வாரத்தில் அந்தப் பையன் இறந்துபோனான். போட்டியிலேயே இப்படி என்றால் நம் ஊர்ப் பயிற்சியில் கேட்கவே வேண்டாம். எறியும் நாளில் எறிதல் மட்டும். எல்லோரும் எறிகிறவருக்குப் பின்னால் நிற்க வேண்டும், எல்லோரும் எறிந்து முடித்த பிறகு, விசில் கேட்டு, நடந்து போய் எடுக்க வேண்டும். ஓடக் கூடாது, தரையில் குத்தி நிற்கும் ஈட்டியின் வால் கண்ணுக்கு நேராக இருக்கும்.

வெயில் காலத்தில் காலை 8 மணிக்குள் முடித்துவிடுங்கள், இல்லையென்றால் சாயங்காலம் 5-க்கு மேல். ஓடுகிற பிள்ளை தள்ளாடினாலோ சம்பந்தமில்லாமல் பேசினாலோ அது வெறும் மயக்கம் என்று நினைக்காதீர்கள். நிழலில் படுக்க வைத்து, உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே 108-க்குப் போன் போடுங்கள். வண்டி வரும்வரை தண்ணீர் நிற்கக் கூடாது. அது இல்லாமல் ஒரு பிள்ளை சட்டென்று விழுந்து, அசைவோ சரியான மூச்சோ இல்லையென்றால் நெஞ்சை அழுத்த வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்லித்தர ஆள் கிடைக்கும், நான் அப்படித்தான் பிடித்தேன். பல் விழுந்தால் வேரைத் தொடாமல் எடுத்துப் பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் போங்கள். ஹாக்கி ஊர்க்காரி சொல்கிறேன், அரைத் தம்ளர் பாலால் ஒட்டிய பற்களை நான் பார்த்திருக்கிறேன்.

கோல்போஸ்ட் இரும்புக் குழாயில் நீங்களே பற்றவைத்தது என்று எழுதியிருக்கிறீர்கள், தூக்கி நகர்த்துவீர்கள் போல. பிள்ளைகள் குறுக்குக் கம்பியில் தொங்குவார்கள், அது முன்னால் சாயும். போஸ்ட் தரையில் உறுதியாகப் பிடித்திருக்க வேண்டும் என்பது கால்பந்து விதிப்புத்தகத்தின் முதல் விதியிலேயே இருக்கிறது. நாளைக்குக் காலையில் மண்வெட்டியோடு போய், பின்பக்கக் குழாயைத் தரையோடு பிடிக்கிற மாதிரி இரண்டு வளைய ஆணி அடியுங்கள், அந்தக் குழாயின்மேல் நாலு மணல் மூட்டை போடுங்கள். பிறகு நீங்களே தொங்கிப் பாருங்கள். அசையவில்லையென்றால் சாயங்காலம் பிள்ளைகளைக் கூப்பிடலாம்.